பால்கஷாயம் முதல் விளக்கெண்ணெய் வரை: கர்ப்பகாலம் பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்குக் கர்ப்பகால ஆயுர்வேதப் பராமரிப்பு குறித்துக் கேள்விகளை அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பகுதி குமரி மாவட்டத்திலிருந்தே வந்திருப்பதில் வியப்பில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் இது. கஷாயமும் தைலமும் அரிஷ்டமும் இங்கே வீட்டுச் சொற்கள். ஒரே குடும்பத்தில் பாட்டி வைத்தியசாலைக்கும் பேத்தி ஸ்கேன் மையத்துக்கும் போவதால் எழும் ஐயங்களே கடிதங்களில் மிகுதியாக இருந்தன. பலரும் கேட்டவற்றை ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி (மார்த்தாண்டம், ஒரு வாசகி): டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு இப்போது பத்தாவது வாரம். காலையில் எழுந்தாலே குமட்டலும் வாந்தியும். மாதத்துக்கு ஒரு மூலிகையாகப் பாலில் காய்ச்சிக் குடிக்கும் பால்கஷாயம் உண்டென்றும், முதல் மாதத்திலேயே குறுந்தோட்டி வேர்ப் பால்கஷாயம் தொடங்கியிருக்க வேண்டும் என்றும் மாமியார் வருத்தப்படுகிறார். மருத்துவமனையில் வெளி மருந்து எதுவும் கூடாது என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தாமதித்துவிட்டோமோ என்ற கவலையை முதலில் விடுங்கள். மாதந்தோறும் கர்ப்பிணி உட்கொள்ள வேண்டியவற்றை ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதையின் சாரீர ஸ்தானம், எட்டாம் அத்தியாயம் வரிசையாகச் சொல்கிறது. கருத்தரித்திருக்கலாம் என்ற ஐயம் தோன்றும் முதல் மாதத்தில் அது விதிப்பது, மருந்து எதுவும் சேர்க்காத, ஆறிய பாலை அளவோடு வேளைக்கு வேளை பருகுவதைத்தான். இரண்டாம் மாதத்தில் இனிப்புச் சுவையுள்ள மூலிகைகள் சேர்த்த பால், மூன்றாம் மாதத்தில் தேனும் நெய்யும் கலந்த பால், நான்காம் மாதத்தில் பாலிலிருந்து எடுத்த வெண்ணெய் ஓர் அட்சம், அதாவது ஏறத்தாழ 12 கிராம், ஐந்தாம் மாதத்தில் பாலிலிருந்து எடுத்த நெய், ஆறிலும் ஏழிலும் இனிப்பு மூலிகைகளால் காய்ச்சிய நெய், எட்டாம் மாதத்தில் நெய் சேர்த்த பால்கஞ்சி என்று அந்த வரிசை போகிறது. இதில் மருந்தைவிட உணவே முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். வாந்தியும் பசியின்மையும் வாட்டும் தொடக்க மாதங்களில் எளிதில் இறங்கும் நீர்த்த ஆகாரம், குழந்தை விரைந்து வளரும் பின்மாதங்களில் கொழுப்பும் கஞ்சியும் என்ற ஒழுங்கு அதில் தெரிகிறது.

உங்கள் மாமியார் சொல்வது கேரள மரபில் பின்னாளில் நிலைபெற்று, நம் மாவட்டத்திலும் வேரூன்றிய மாதாந்திரக் கஷாய முறை. முதல் மாதம் குறுந்தோட்டியில் தொடங்கி, ஒன்பதாம் மாதம் தண்ணீர்விட்டான் கிழங்கில் முடியும். அதுவும் மதிப்புக்குரிய மரபுதான். ஆனால் தவறவிட்டால் குழந்தைக்குக் கேடு வரும் என்று எந்த நூலும் சொல்லவில்லை. கருவின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் மருந்தைத் தவிர்த்துப் பாலையும் கஞ்சியையும் பற்றிக்கொள்வது சரகர் உணவை முன்னால் நிறுத்தியதற்கும் உங்கள் மருத்துவர் சொன்னதற்கும் ஒருசேரப் பொருந்துகிறது. ஆகவே இரண்டு பக்கத்துக்கும் சண்டையே இல்லை என்று மாமியாரிடம் அன்போடு சொல்லுங்கள்.

நான்காம் மாதத்துக்குப் பிறகு, தகுதிபெற்ற ஆயுர்வேத மருத்துவர் உங்களை நேரில் பார்த்துச் சொன்னால், மகப்பேறு மருத்துவருக்கும் தெரிவித்துவிட்டுப் பால்கஷாயம் குடிக்கலாம். அதைக் காய்ச்சும் முறையில்தான் பல வீடுகளில் தவறு நேர்கிறது. மருந்து ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, தண்ணீர் முப்பத்திரண்டு பங்கு என்பது கணக்கு. 15 கிராம் வேரை மண் போகக் கழுவி, இடித்து, வெள்ளைத் துணியில் கிழியாகக் கட்டி, 120 மில்லி பசும்பாலும் 480 மில்லி தண்ணீரும் சேர்த்த பாத்திரத்தில் இட்டு, சிறு தீயில் பால் மட்டும் மிஞ்சும்வரை காய்ச்ச வேண்டும். தண்ணீர் முழுதும் வற்றியிருக்கும்போது 120 மில்லி நிற்கும். தண்ணீர் விடாமல் பாலிலேயே வேரைப் போட்டுக் காய்ச்சினால் பால் அடிப்பிடிக்குமே தவிர, வேரின் சத்து இறங்காது. கிழியைப் பிழிந்துவிட்டு, இளஞ்சூட்டில் குடிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேரள வைத்தியத்தில் குறுந்தோட்டி என்று எடுக்கும் செடியும், பிற மாநிலங்களில் ‘பலா’ என்ற பெயரில் எடுக்கும் செடியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு செடிகள். பின்னதில் எபிட்ரின் வகைச் சத்துகள் உள்ளன. அவை இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டவல்லவை. எனவே சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் வேரை அடையாளம் தெரியாமல் வாங்கிக் காய்ச்ச வேண்டாம். அதுபோலவே இனிப்பு மூலிகைகளில் ஒன்றான அதிமதுரத்தைக் கர்ப்பிணிகளுக்கு நான் தருவதில்லை. அளவு மிஞ்சினால் இரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும் என்பது இன்று நன்றாகத் தெரிந்த செய்தி.

வாந்திக்குப் பழைய நூல்கள் சொல்லும் மருந்து நம் அடுக்களையிலேயே இருக்கிறது. கொத்தமல்லி விதையை அரைத்து, அரிசி கழுவிய நீரில் சிறிது சர்க்கரையோடு கலந்து, வாய் வாயாகப் பருகுவது ஒன்று. நெற்பொரியைக் கொதிநீரில் வேகவிட்டு வடித்த கஞ்சி மற்றொன்று. அரிசியை நல்ல நீரில் இரண்டு முறை கழுவி, மூன்றாம் முறை காய்ச்சி ஆறிய நீர் ஊற்றி எடுத்தால் போதும். தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகிறது, எடை இறங்குகிறது என்ற நிலை வந்தால் கொத்தமல்லியில் நேரம் கடத்தாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனையில் நரம்புவழி நீர் ஏற்ற வேண்டும்.

கேள்வி (தக்கலை, ஒரு வாசகர்): என் மனைவிக்கு நான்கு மாதம். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும் இருந்தால் வேறெதுவும் வேண்டாம் என்கிறாள். கர்ப்பிணியின் ஆசையைத் தட்டக்கூடாது என்கிறார்கள். மீன் சூடு என்றும் சொல்கிறார்கள். இப்போது சில நாட்களாகப் பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கிறாள். கொடுக்கலாமா, தடுக்கலாமா?

பதில்: நான்காம் மாதத்தில் கருவின் இதயம் தெளிவடைவதால் கர்ப்பிணி இரண்டு இதயங்கள் உடையவளாகிறாள் என்றும், அவளது விருப்பங்களை மதிக்காவிட்டால் குழந்தைக்குத் தீங்கு நேரும் என்றும் மற்றொரு ஆயுர்வேத மூலநூலான சுசுருத சம்ஹிதை கூறுகிறது. ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் குழந்தைக்கு ஊனம் வரும் என்று அதை நேர்பொருளில் எடுத்துக்கொண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஒரு வீட்டில் எல்லோரும் கர்ப்பிணியிடம் ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கும்படி செய்த விதி அது. அந்த அளவில் அதை நான் மனமார ஏற்கிறேன்.

மரச்சீனி மாவுச்சத்து மட்டுமே மிகுந்த கிழங்கு. உடல் வளர்க்கும் புரதம் அதில் மிகக் குறைவு. கூட இருக்கும் மீன்தான் அந்தக் குறையை நிரப்புகிறது. எனவே தட்டில் கிழங்கு பாதியாகவும் மீன் இருமடங்காகவும் இருக்கட்டும். கிழங்கைத் தோலுரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதிலுள்ள நச்சுப்பொருள் அப்படித்தான் நீங்கும். மீனையே நாள்தோறும் உண்பவளின் குழந்தைக்குக் கண் இமைப்பது அரிதாகும் என்று சரகர் எழுதியிருக்கிறார் என்பது உண்மை. தலைமுறை தலைமுறையாக மீன் உண்டு பிள்ளை பெற்ற நம் கடற்கரைத் தாய்மாரைப் பார்த்தவர்கள் அந்த வரியை அப்படியே ஏற்க முடியாது. சாளை, நெத்திலி, அயிலை போன்ற சிறு மீன்கள் குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பைத் தருபவை. சுறா, பெரிய சூரை முதலியவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் அவற்றை மட்டும் கர்ப்பகாலத்தில் ஒதுக்குங்கள். மீன் சாப்பிட்ட வேளையில் பால் குடிக்காதிருப்பது ஆயுர்வேதம் வலியுறுத்தும் வழக்கம். இரண்டுக்கும் இடையில் சில மணி நேரம் விட்டால் போதும். இடைவேளைகளில் மட்டிப்பழமோ, நெய்விட்டு வாட்டிய நேந்திரம்பழமோ கொடுங்கள்.

பச்சரிசி மெல்வதை ஆசையின் கணக்கில் சேர்க்க வேண்டாம். பச்சரிசி, சாம்பல், சுவர்ச் சுண்ணாம்பு, மண் இவற்றின்மேல் வரும் நாட்டம் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவது. அவரைத் திட்டாமல், இந்த வாரமே இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழேயும், நடு மூன்று மாதங்களில் 10.5 கிராமுக்குக் கீழேயும் இருந்தால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வரையறை.

கேள்வி (நாகர்கோவில், ஒரு வாசகி): அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலச்சிக்கலும் கருத்த மலமும் ஏற்படுகின்றன. அதற்குப் பதிலாக ஆயுர்வேத லேகியமோ செந்தூரமோ சாப்பிடலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட அந்த மாத்திரையை, நான்காம் மாதத்திலிருந்து நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாட்கள் உட்கொள்ள வேண்டும் என்பது அரசுத் திட்டம். மலம் கருப்பாவது இரும்பின் நிறம்தான், நோயல்ல. தேநீர், பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சேராது. பால்கஷாயம் குடிப்பவர்கள் இதை மிகவும் நினைவில் கொள்ள வேண்டும். கஷாயத்துக்கும் மாத்திரைக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாத்திரையோடு எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. மலச்சிக்கலுக்கு உலர்ந்த திராட்சையை இரவில் ஊறவைத்துக் காலையில் பிசைந்து அந்த நீரோடு உண்ணலாம். நிலவாகைச் சூரணம் போன்ற பேதி மருந்துகளைத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிக்கு வாந்தியும் பேதியும் ஏற்படுத்தும் சிகிச்சைகள் விலக்கு என்றும், மென்மையான, இனிய, குளிர்ந்த மருந்துகளாலேயே அவளைக் கவனிக்க வேண்டும் என்றும் சரகர் விதித்திருக்கிறார். விளிம்புவரை எண்ணெய் நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கிச் செல்வதுபோல அவளை நடத்த வேண்டும் என்ற புகழ்பெற்ற வாக்கியமும் அங்கேதான் வருகிறது.

செந்தூரம், பற்பம் போன்ற உலோக மருந்துகளைக் கர்ப்பிணிகள் தாமாக வாங்கி உண்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். 2011, 2012 ஆண்டுகளில் நியூயார்க் நகர சுகாதாரத் துறை, ஈய நச்சுக்கு ஆளான ஆறு கர்ப்பிணிகளைக் கண்டறிந்தது. அவர்கள் உட்கொண்டவை இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மருந்துகள். ஈயம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சென்றடைந்து மூளை வளர்ச்சியைத் தாக்கும். உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் இல்லாத பொட்டலங்களை, எவ்வளவு நம்பிக்கையானவர் தந்தாலும், வாங்காதீர்கள். கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் உங்கள் ஊரிலேயே இருக்கும்போது பொட்டலத்தை நாட வேண்டிய தேவையும் இல்லை.

கேள்வி (குலசேகரம், ஒரு வாசகி): நான் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவள். ஏழாம் மாதம். இடுப்பும் காலும் கடுமையாக வலிக்கின்றன. தான்வந்தரம் தைலம் தேய்த்துக் குளிக்கலாமா? உடம்பை அழுத்தித் தேய்த்து உழிச்சல் போடும் வர்ம ஆசான் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போகலாமா?

பதில்: தைலம் தேய்க்கலாம், உழிச்சல் கூடாது. தான்வந்தரம் தைலம் குறுந்தோட்டி வேரையும் பாலையும் நல்லெண்ணெயையும் முதன்மையாகக் கொண்டு காய்ச்சப்படுவது. அதை இளஞ்சூடாக்கி, இடுப்பு, தொடை, கெண்டைக்கால், பாதம் ஆகிய இடங்களில் நீங்களோ உங்கள் தாயாரோ உள்ளங்கையால் நீவினால் போதும். வயிற்றில் அழுத்தம் கொடுக்காமல், தோல் இழுபடும் அரிப்புக்காக மட்டும் மெல்லப் பூசலாம். கால்மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். தலைசுற்றும் அளவு சூடான நீரும், ஆவி பிடித்து வியர்க்கும் வேதும் இப்போது வேண்டாம். குளியலறைத் தரையில் எண்ணெய் சிந்தியிருந்தால், நுழைவதற்கு முன் யாரையாவது கொண்டு துடைத்துவிடச் சொல்லுங்கள். இது சிறு விஷயமாகத் தோன்றினாலும், ஏழாம் மாதத்தில் ஒருமுறை வழுக்கி விழுவது எந்தத் தைலத்தின் நன்மையையும் இல்லாமலாக்கிவிடும். வர்ம ஆசான்களின் கைத்திறனை மதிக்கிறேன். ஆனால் அழுத்தியும் மிதித்தும் செய்யும் உழிச்சல் கர்ப்பிணிக்குரியதல்ல.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் வலியும் இருந்தால் தேய்க்கவே கூடாது. இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அதிகாலை இருட்டில் எழுந்து, மேடும் பள்ளமுமான தோட்டத்தில் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பால் நிறைந்த வாளியைச் சுமந்து நடப்பவரின் இடுப்புக்குத் தைலம் பாதி மருந்துதான். கடும் உழைப்பு, பாரம் சுமத்தல், கண்விழித்தல், பட்டினி, இயற்கை உந்துதல்களை அடக்குதல் ஆகியவற்றை அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல் கர்ப்பிணிக்கு விலக்கியிருக்கிறது. வாளி சுமக்கும் வேலையையாவது வீட்டிலுள்ள வேறொருவர் ஏற்க வேண்டும் என்று இந்தப் பதிலை அவர்களிடமே காட்டுங்கள். மல்லாந்து படுப்பதையும் அந்நூல் விலக்குகிறது. மல்லாந்து படுத்தால் கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றும் என்பது சரகர் சொன்ன காரணம். கர்ப்பப்பையின் எடை பெரிய இரத்தக்குழாயை அழுத்திக் குழந்தைக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது என்பது இன்றைய விளக்கம். காரணம் வேறானாலும் அறிவுரை சரியானது. ஒருக்களித்து, முடிந்தவரை இடப்பக்கமாக, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்துப் படுங்கள். இடுப்பு வலியும் அதில் குறையும்.

ஒன்பதாம் மாதத்தில் ஆசனவாய் வழியாக எண்ணெய் செலுத்தும் வஸ்தியும், எண்ணெயில் நனைத்த பஞ்சைப் பிறப்புறுப்பில் வைக்கும் பிசுவும் நூல்களில் உண்டு. அவற்றை வீட்டில் ஒருபோதும் செய்ய வேண்டாம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்களுக்கும் பனிக்குடம் உடைந்தவர்களுக்கும் அது உயிராபத்து.

கேள்வி (அருமனை, பெயர் வெளியிட விரும்பாத வாசகி): எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாவது ஆணாகப் பிறக்க ஆயுர்வேதத்தில் மருந்து உண்டென்று, இரண்டாம் மாதத்திலேயே சாப்பிடச் சொல்கிறார்கள். வீட்டில் நிம்மதி இல்லை.

பதில்: சாப்பிட வேண்டாம், மகளே. இத்தகைய சடங்கும் மருந்தும் பழைய நூல்களில் பேசப்படுகின்றன என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் குழந்தை ஆணா பெண்ணா என்பது கரு உருவாகும் அந்த நொடியில், தந்தையின் விந்தணுவால் முடிவாகிவிடுகிறது. பிறகு எந்த வேரும் அதை மாற்றாது. ஹரியானாவில் இத்தகைய மருந்துகளைப் பற்றி நடந்த ஆய்வுகள், அவற்றை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் பிறவிக் குறைகள் மிகுந்திருந்ததைக் காட்டின. பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதும் கண்டறிந்து சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றங்கள். மனத்துயரும் அச்சமும் கர்ப்பிணியை அணுகவிடக்கூடாது என்று அதே நூல்கள் விதிக்கின்றன. அந்த விதியை மீறிக்கொண்டிருப்பது உங்கள் வீட்டார்தான். அடுத்த பரிசோதனைக்குக் கணவரையும் உடன் அழைத்துச் சென்று, மருத்துவர் வாயால் அவர் இதைக் கேட்கும்படி செய்யுங்கள்.

கேள்வி (பூதப்பாண்டி, ஒரு வாசகி): ஐந்தாம் மாதத்தில் இருமல். வீட்டில் நிற்கும் ஆடாதோடை இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா?

பதில்: கூடாது. ஆடாதோடையிலுள்ள வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்கத் தூண்டும். வெந்நீரில் உப்பிட்டுத் தொண்டை நனைப்பதும், கஞ்சியும் ஓய்வும் இப்போதைக்குப் போதும். காய்ச்சல், மூச்சுத்திணறல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். கற்றாழை, கருஞ்சீரகம், பப்பாளிக்காய் ஆகியவற்றையும் மருந்தாக உட்கொள்ளாதீர்கள்.

கேள்வி (குளச்சல், ஒரு வாசகியின் தாயார்): மகளுக்கு ஒன்பது மாதம் முடியப்போகிறது. முதல் குழந்தை சிசேரியன். இந்த முறை சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று விளக்கெண்ணெய் கொடுக்க நினைக்கிறோம். எங்கள் காலத்தில் கொடுத்ததுதான். எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள், அம்மா. விளக்கெண்ணெயிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடலின் தசையை மட்டுமல்ல, கர்ப்பப்பையின் தசையையும் இறுக்குகிறது. ‘எண்ணெய் குடித்தால் வலி வரும்’ என்று உங்கள் தாயார் சொன்னதில் உண்மை இருப்பது இதனால்தான். ஆனால் அந்த வலி எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாக வரும் என்பதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. உங்கள் மகளின் கர்ப்பப்பையில் முன்பு கீறித் தைத்த தழும்பு இருக்கிறது. திடீரென்று வரும் கடுஞ்சுருக்கம் அந்தத் தழும்பைப் பிளந்துவிட்டால் சில நிமிடங்களில் தாயும் சேயும் ஆபத்துக்குள்ளாவார்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், பேதியால் உடல் நீர் வற்றிச் சோர்ந்துபோனவளுக்குப் பிரசவ வலியைத் தாங்கும் தெம்பு எங்கிருந்து வரும்?

அவசரப்படுத்துவதை மரபும் விரும்பவில்லை. வலி வராத நேரத்தில் முக்காதே, அப்படி முக்குபவளின் முயற்சி வீண், குழந்தைக்கும் கேடு என்று பிரசவிக்கும் பெண்ணிடம் சொல்லச் சொல்கிறார் சரகர். முதலில் சிசேரியன் ஆனவர்களில் பலருக்கு அடுத்தது சுகப்பிரசவமாவது நடக்கக்கூடியதே. முந்தைய கீறல் எந்தப் பக்கமாகப் போடப்பட்டது, எதற்காகப் போடப்பட்டது, இடையில் எத்தனை ஆண்டு, இப்போது குழந்தையின் எடையும் தலை நிற்கும் நிலையும் எப்படி என்பவற்றைப் பார்த்து, அறுவைசிகிச்சை அரங்கும் இரத்த வங்கியும் உள்ள மருத்துவமனையில் மட்டுமே அதை முயல வேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முன்கூட்டியே காட்டிப் பேசிவையுங்கள்.

அதுவரை நெய் சேர்த்த பால்கஞ்சி, இளஞ்சூட்டு எண்ணெய்க் குளியல், மாலையில் சிறு நடை, நல்ல தூக்கம் இவையே அவருக்குப் போதும். சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்லியிருந்தால் கஞ்சியில் வெல்லமும் தேனும் வேண்டாம். பனிக்குடம் உடைந்து நீர் வடிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, பழைய தையல் பகுதியில் விடாத வலி இருந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். பழைய சிசேரியன் சீட்டையும் ஸ்கேன் அறிக்கைகளையும் இன்றே ஒரு பையில் எடுத்து வைத்துவிடுங்கள்.